பழைய வீட்டு மின்சாரம்: முழு வயரிங் மாற்ற முடியாவிட்டால் எதை முதலில் செய்வது?

ஆறு வருடங்களுக்கு முன்பு ஓர் ஐப்பசி மாதம். சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழு விழுந்திருக்கிறது என்று எங்கள் வட்டாரத்து விவசாயி ஒருவர் அழைத்திருந்தார். மூன்று நாள் அடைமழை விட்ட காலை நேரம். வயலைப் பார்த்துவிட்டு வந்து, அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மருந்தின் அளவை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். துணி காயப்போட வந்த அவருடைய மனைவி, கொடிக்கம்பியைத் தொடுவதற்கு முன்னால் வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"எதுக்கும்மா செருப்பு?" என்று கேட்டேன்.

"மழை நாள்ல கம்பி லேசா சுள்ளுனு பிடிக்கும் சார். செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தார்.

"வயர்மேனைக் கூப்பிட்டு ஒரு தடவை பார்த்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன். அடுத்த மாதம், அதே கம்பியில் அந்த அம்மா போய்விட்டார். அன்றைக்குக் காலில் செருப்பு இல்லை.

மண்ணைப் பரிசோதிக்காமல் உரம் போடாதீர்கள் என்று ஊர் ஊராகச் சொல்கிறவன் நான். கண் முன்னால் ஒருவர் செருப்புப் போட்டுக்கொண்டு கம்பியைத் தொட்டதைப் பார்த்துவிட்டும், ஐந்து நிமிடம் நின்று விசாரிக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் வயர்மேன்களிடமும், ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளர் ஒருவரிடமும் உட்கார்ந்து இந்த விஷயத்தைக் கேட்டுக் கற்றேன். நான் படித்தது விவசாயம். ஆகவே இதில் நான் சொல்லும் வேலைகளை நீங்களே செய்ய வேண்டாம். எதைச் செய்யச் சொல்லிக் கேட்பது என்று தெரிந்துகொள்ளுங்கள். செய்வது தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளராக இருக்கட்டும்.

கிராமங்களுக்குப் போகும்போது பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எங்களுடையது நாற்பது வருஷத்து ஓட்டு வீடு. வயர்மேனைக் கேட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். அவ்வளவு பணம் இல்லை. அதனால் ஒன்றும் செய்யாமலே விட்டுவிட்டோம்." இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் ஆபத்து இருக்கிறது. முழுவதும் செய்ய முடியாது என்பதற்காக ஒன்றுமே செய்யாமல் விடுவதுதான் உயிர்களைக் குடிக்கிறது. விதிப்படியான வயரிங் என்பது நாம் போய்ச் சேர வேண்டிய ஊர். அங்கே ஒரே நாளில் போக முடியாவிட்டாலும், எது முதலில் ஆளைக் கொல்லுமோ அதை முதலில் சரிசெய்யலாம். பணம் குறைவாக இருப்பவருக்கு இந்த வரிசைதான் முக்கியம்.

வீடு அதேதான், சுமை கூடிவிட்டது

எழுபது, எண்பதுகளில் இணைப்பு வாங்கிய வீட்டில் என்ன இருந்தது? நாலு குண்டு பல்பு, ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ. மர ரீப்பரில் கிளிப் அடித்து ஓட்டிய வயர். பல வீடுகளில் அது அலுமினிய வயர். பிளக் என்றால் இரண்டு ஓட்டை மட்டும்தான். எர்த்துக்கு மூன்றாவது ஓட்டை கிடையாது. அன்றைய சுமைக்கு அது போதுமானதாக இருந்தது.

2006-க்குப் பிறகு அரசின் இலவசத் தொலைக்காட்சி வந்தது. 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. அப்புறம் ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் சுட வைக்கும் ராடு, சின்ன மோட்டார் என்று ஒவ்வொன்றாக நாமே வாங்கிச் சேர்த்தோம். வயர் மட்டும் அதே பழைய வயர்.

ஒரு விளக்குச் சுற்றில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வயரிங்கில் வெகுகாலமாக உள்ள கணக்கு. ஓர் அயர்ன் பாக்ஸே 750 முதல் 1,000 வாட் இழுக்கும். தண்ணீர் ராடு 1,000 முதல் 1,500 வாட். விளக்குக்குப் போட்ட வயரில் இவற்றைச் சொருகினால், சுவருக்குள்ளும் ரீப்பர் மேலும் வயர் சூடாகிக்கொண்டே இருக்கும். மேலுறை காய்ந்து, வெடித்து உதிரும். மழைக்காலத்தில் அந்த வெடிப்பில் ஈரம் இறங்கும். 'சுள்' என்று பிடிப்பது அப்போதுதான் தொடங்கும்.

விதி என்ன கேட்கிறது?

வீட்டு மின்சாரத்துக்கான விதி நேற்று வந்தது அல்ல. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தன. பிறகு மத்திய மின்சார ஆணையம் 2010-இல் புதிய பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்து, 2023-இல் அவற்றைத் திருத்தி வெளியிட்டது. வயரிங் எப்படிச் செய்வது என்பதற்கு ஐ.எஸ். 732, எர்த் போடுவதற்கு ஐ.எஸ். 3043 என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறிமுறைகளும் இருக்கின்றன.

நமக்குத் தேவையான அளவில் இவற்றின் சாரத்தை இப்படிச் சொல்லலாம். ஃபேஸ் கம்பி சுவிட்ச் வழியாகவே போக வேண்டும். நியூட்ரலில் ஃபியூஸ் இருக்கக் கூடாது. உலோக உடம்புள்ள ஒவ்வொரு கருவிக்கும் எர்த் வேண்டும். வீட்டில் மின்கசிவு ஏற்பட்டால் 30 மில்லி ஆம்பியருக்குள் துண்டிக்கும் கருவி வேண்டும்.

சுவரைக் குடைந்து பைப் பதிக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. இது பலருக்குத் தெரியாது. மண் சுவர், சுண்ணாம்புச் சுவர் உள்ள வீடுகளில் சுவரை வெட்டினால் சுவரே பலவீனமாகும். சுவரின் மேலேயே பி.வி.சி. கேசிங் பட்டை அடித்து அதற்குள் வயர் ஓட்டலாம். அதுவும் விதிக்கு உட்பட்டதுதான். செலவும் குறையும், பழுது பார்ப்பதும் எளிது. 'மண் சுவர், அதனால் வயரிங் மாற்ற முடியாது' என்பது சரியான காரணம் இல்லை.

முதல் வேலை: வாசலில் நின்று மேலே பாருங்கள்

மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைத் தாங்குவதற்கு ஒரு ஜி.ஐ. கம்பி இருக்கும். காற்றில் ஆடி ஆடி, சர்வீஸ் வயரின் மேலுறை இந்தத் தாங்கு கம்பியில் உரசித் தேயும். தேய்ந்த இடத்தில் தாங்கு கம்பிக்கு மின்சாரம் ஏறும். அந்தக் கம்பி கட்டியிருக்கும் இரும்புக் குழாய், தகரக் கூரை, அதே குழாயில் கட்டிய கொடிக்கம்பி என்று எல்லாவற்றிலும் மின்சாரம் பரவும். நான் மேலே சொன்ன அம்மாவின் வீட்டில் நடந்தது இதுதான்.

இந்தக் கசிவு நடப்பது மீட்டருக்கு முன்னால். ஆகவே வீட்டுக்குள் எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும் இதைப் பிடிக்காது. இதற்கு மாற்று மிக எளியது, செலவும் இல்லாதது:

கொடிக்கம்பியை இன்றைக்கே அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் குழாயிலோ, தகரக் கூரையின் சட்டத்திலோ, மின்கம்பத்திலோ, அதன் ஸ்டே கம்பியிலோ எதையும் கட்டாதீர்கள். மாட்டையும் கட்டாதீர்கள்.

சர்வீஸ் வயர் தொங்கினாலோ, மரக்கிளையில் உரசினாலோ, ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தாலோ, தாங்கு கம்பியின் நடுவே பீங்கான் முட்டை இல்லாவிட்டாலோ, உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மின்னகம் எண் 94987 94987-இல் எந்த நேரமும் புகார் சொல்லலாம். மீட்டர் வரைக்கும் உள்ள பகுதியை நீங்களோ உங்கள் வயர்மேனோ தொடக் கூடாது.

இரண்டாவது வேலை: உடைப்பைக் கண்டுபிடிக்கும் கருவி

ஃபியூஸும் எம்.சி.பி.யும் இருக்கின்றனவே, ஷாக் அடித்தால் அவை துண்டிக்காதா என்று கேட்பார்கள். துண்டிக்காது. அவை வயரைக் காப்பாற்ற வந்தவை. ஆளைக் காப்பாற்ற அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால்தான் அதற்கு உறைக்கும். ஒரு மனிதரின் உடம்பு வழியாக 50, 100 மில்லி ஆம்பியர் சில நொடி பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்துவிடலாம். 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிவதற்கே ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒரு சின்ன பல்பு எரியும் மின்சாரம் போதும், ஓர் உயிர் போவதற்கு. எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அது வீட்டில் கூட ஒரு பல்பு எரிவது போலத்தான்.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. என்ற கருவி வருகிறது. கடைகளில் ஆர்.சி.டி., ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். இது எப்படி வேலை செய்கிறது என்பதை விவசாயிக்கு விளக்குவது சுலபம். மதகில் எவ்வளவு தண்ணீர் விட்டோமோ அவ்வளவும் வாய்க்காலின் கடைக்கு வந்து சேர வேண்டும். குறைந்தால் நடுவில் எங்கோ உடைப்பு என்று அர்த்தம். அதுபோல ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்ப வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், ஈரச் சுவர் வழியாகவோ ஓர் ஆளின் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் இது மதகை அடைத்துவிடும். வாய்க்கால் தாங்குமா என்று பார்ப்பது எம்.சி.பி.; வாய்க்கால் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது ஆர்.சி.சி.பி. இரண்டும் வேண்டும்.

பழைய வீட்டுக்காரருக்கு இதில் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு. சுவருக்குள் எர்த் கம்பியே ஓடாத வீட்டிலும் இது வேலை செய்யும். எர்த் இருந்தால், கருவியில் கசிவு ஏற்பட்டவுடனே விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால், ஆள் தொட்ட பிறகு ஒரு 'சுள்' பட்டு விழும். அந்த 'சுள்' வலிக்கும். ஆனால் பெரும்பாலும் உயிர் தங்கிவிடும்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும், '30 மில்லி ஆம்பியர்' என்ற குறிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் கருவி ஆளைக் காப்பாற்றாது. ஒரு ஃபேஸ் வீட்டுக்கான தரமான கருவி சுமார் 2,000 ரூபாய் ஆகும். கையில் இருப்பது அவ்வளவுதான் என்றால், அதை இதற்குச் செலவழியுங்கள்.

என் அம்மா இருக்கும் வீடும் பழைய ஓட்டு வீடுதான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அங்கே ஆர்.சி.சி.பி. பொருத்தினேன். மழை பெய்த நாளெல்லாம் மாலையில் விழுந்தது. வீடு இருட்டில். வந்த வயர்மேன், "பழைய வீட்டுக்கு இது ஒத்துவராது சார், நேரா கொடுத்துடறேன்" என்றார். அம்மாவும், "வேண்டாம்டா, ராத்திரியில இருட்டுல கிடக்க முடியல" என்றார். நானும் சரி என்று சொல்ல இருந்தேன். விவசாயியின் மனைவி போட்டுக்கொண்ட செருப்பு நினைவுக்கு வந்தது. இன்னொரு வயர்மேனை அழைத்து, எல்லா இணைப்பையும் கழற்றி, ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். நாலாவது இணைப்பில் விழுந்தது. பின்கட்டுக் குளியலறைக்குப் போகும் வயர். ஓட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் அது போகும் சுவரில் இறங்கியிருந்தது. மாலையானால் அந்த விளக்கைப் போட்டுக்கொண்டு, ஈரக் காலோடு, அந்தச் சுவரைப் பிடித்துத்தான் அம்மா உள்ளே போவார்.

ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் அது கருவியின் குற்றம் என்று முடிவு கட்டாதீர்கள். வீடு உங்களிடம் ஏதோ சொல்கிறது.

மூன்றாவது வேலை: எர்த் குழி

இதில் என் படிப்பும் கொஞ்சம் உதவியது. எர்த் நன்றாக இருக்குமா என்பது மண்ணைப் பொறுத்தது. ஈரமும் உப்பும் களியும் உள்ள மண் மின்சாரத்தை எளிதாக வாங்கும். காய்ந்த மணலும் சரளையும் பாறையும் வாங்காது. கரிசல் மண் நல்லதுதான். ஆனால் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, எர்த் குழாயைச் சுற்றி இடைவெளி விட்டுவிடும். செம்மண் சரளையில் சித்திரை மாதத்தில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும்.

வழக்கமான முறை இது. வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி, ஈரம் தங்கும் இடமாகப் பார்த்துக் குழி எடுத்து, சுமார் இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி இடுவார்கள். மேலே சின்னத் தொட்டி கட்டி மூடி போட வேண்டும். கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம் குழி இருந்தால் தனியாக ஊற்ற வேண்டியதில்லை.

ஆனால் எர்த் மட்டும் போட்டுவிட்டு ஆர்.சி.சி.பி. இல்லாமல் இருப்பது போதாது. ஒரு கணக்குப் பாருங்கள். நம் எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது. கிரைண்டரில் கசிவு வந்தால், அது விழாமல் நின்று, எர்த் கம்பி வழியாக ஃபிரிட்ஜ், மோட்டார் என்று மற்றக் கருவிகளின் உடம்பிலும் மின்சாரத்தை ஏற்றிவிடும். ஆர்.சி.சி.பி. இருந்தால், எர்த் தடை 100 ஓம் ஆக இருந்தாலும் இரண்டே கால் ஆம்பியருக்கு மேல் பாயும். 30 மில்லி ஆம்பியருக்கே விழும் கருவிக்கு அது தாராளம். அதனால்தான் கருவியை இரண்டாவதாகவும், எர்த்தை மூன்றாவதாகவும் வைத்தேன். இரண்டும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

நான்காவது வேலை: மெயின் போர்டு

பழைய மெயின் போர்டில் இரண்டு பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று அன்று வைத்தார்கள். நியூட்ரல் ஃபியூஸ் போய்விட்டால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் வயர் முழுவதும் மின்சாரம் நிற்கும். 'கரண்ட் இல்லை' என்று நினைத்துக் கையை வைத்தவர் கதை முடிந்துவிடும். வயர்மேனிடம் சொல்லி நியூட்ரலில் ஃபியூஸ் இல்லாமல் நேரடி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாகத் துண்டிக்கும் இரட்டை மெயின் சுவிட்ச் இருக்க வேண்டும். வயர்மேனுக்கு இது சில மணி நேர வேலைதான்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று, நாலைந்து இழை செம்புக் கம்பியை முறுக்கிச் சுற்றியிருப்பார்கள். அப்போது உருகுவது ஃபியூஸாக இருக்காது. கூரைக்கு அடியில் ஓடும் வயராக இருக்கும். கூரை வீட்டில் இதன் முடிவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பீங்கான் கட்டைக்குப் பதில், வயரின் தடிமனுக்கு ஏற்ற எம்.சி.பி. வையுங்கள். விளக்குச் சுற்றுக்கு 6 ஆம்பியர் போதும். விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பெரிதாக வைப்பதும், முறுக்கிய கம்பியைச் சுற்றுவதும் ஒன்றே.

ஐந்தாவது வேலை: கனமான கருவிகளுக்குத் தனி வழி

முழு வயரிங் மாற்றப் பணம் இல்லையா? சமையலறைக்கும் குளியலறைப் பக்கத்துக்கும் மட்டும் மெயின் போர்டிலிருந்து தனி வயர் ஓட்டுங்கள். ஈரமும் உலோகமும் வெறுங்காலும் சேரும் இடங்கள் இவைதான். 2.5 சதுர மில்லி மீட்டர் செம்பு வயர், கூடவே பச்சை நிற எர்த் வயர், பி.வி.சி. கேசிங், மூன்று ஓட்டை உள்ள 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி. என்று கேளுங்கள். கிரைண்டர், ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், ராடு எல்லாம் இந்த வழிக்கு வந்துவிட்டால், பழைய வயரில் விளக்கும் மின்விசிறியும் மட்டும் மிஞ்சும். அது எதற்காகப் போடப்பட்டதோ அந்த வேலையை மட்டும் செய்யும்.

பழைய அலுமினிய வயரோடு புதிய செம்பு வயரை முறுக்கி இணைக்க விடாதீர்கள். அந்த இணைப்பு நாளடைவில் தளர்ந்து சூடாகும். ஆர்.சி.சி.பி. இந்தச் சூட்டைக் கண்டுபிடிக்காது. ஆகவே மீதி வயரிங்கையும் அறுவடைக்கு ஓர் அறை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். முதல் ஐந்து வேலையும் அதற்கு அவகாசம் தருமே தவிர, அதற்கு மாற்று ஆகாது.

இவற்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

பணமில்லை என்றால் வேலையைத் தள்ளிப்போடலாம். கீழ்க்கண்ட மூன்றையும் ஒருநாள்கூடத் தள்ளிப்போட முடியாது.

ஒன்று: நியூட்ரல் வராதபோது, எர்த் கம்பியையோ தண்ணீர்க் குழாயையோ நியூட்ரலாக வைத்து விளக்கு எரிப்பது. அந்தக் கம்பி எங்காவது அறுந்தால், விளக்குப் பக்கம் இருக்கும் முனையைத் தொட்டவர் உயிர் போகும்.

இரண்டு: மூன்று ஓட்டை பிளக்கில் எர்த் வராததால், நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளேயே சேர்த்துக் கட்டுவது. நியூட்ரல் அறுந்த அந்த நொடியில் கிரைண்டரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறும்.

மூன்று: மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை உடைத்துவிட்டு இரண்டு ஓட்டையில் சொருகுவது. அந்த முள் மற்றதைவிட நீளமாக இருப்பதே, மின்சாரம் வருவதற்கு முன்னால் எர்த் சேர்ந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான்.

அரை மணி நேரத்தில் நீங்களே பார்க்கலாம்

- கொடிக்கம்பி இரும்பா, நைலானா? எதில் கட்டியிருக்கிறது?
- சர்வீஸ் வயர் கூரையிலோ மரத்திலோ உரசுகிறதா?
- மெயின் சுவிட்ச் எங்கே என்று வீட்டுப் பிள்ளைகள் உட்பட எல்லோருக்கும் தெரியுமா? அதற்கு முன்னால் மூட்டைகள் அடுக்கியிருக்கிறதா?
- எந்த பிளக், எந்த சுவிட்ச் கறுத்திருக்கிறது? எது சூடாகிறது?
- எந்தச் சுவரில், எந்தக் குழாயில் 'சுள்' என்கிறது என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். அவர்களுக்குத்தான் தெரியும்.
- ஆர்.சி.சி.பி. இருந்தால், மாதம் ஒரு முறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி, மாற்றிவிடுங்கள்.

வாசகர் கேள்விகள்

*கேள்வி: ஆர்.சி.சி.பி. வைத்துவிட்டால் இனி ஷாக்கே அடிக்காதா?*

அப்படி இல்லை. ஒரு கையில் ஃபேஸும் மறுகையில் நியூட்ரலும் பட்டால், உடைப்பு எதுவும் இல்லாததுபோல மின்சாரம் போய் வந்துவிடும், கருவிக்குத் தெரியாது. மீட்டருக்கு முன்னால் உள்ள கசிவும் அதற்குத் தெரியாது. பல்பு மாற்றுவதானாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

*கேள்வி: எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை அணைத்தால் போதுமா?*

போதாது. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். அதையும் அணைக்க வேண்டும். இன்வெர்ட்டரிலிருந்து போகும் லைனுக்கும் கசிவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்று வயர்மேனிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

*கேள்வி: கொட்டகையில் மாடு தொட்டித் தண்ணீரில் வாய் வைத்துவிட்டு விலகுகிறது. நோயா?*

கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதோடு கொட்டகை விளக்கின் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். மாடு ஈரத்தரையில் வெறும் குளம்போடு நிற்கிறது. நமக்கு உறைக்காத சிறிய கசிவும் அதற்கு உறைக்கும். கொட்டகை லைன் கட்டாயம் ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். வயரை மாட்டின் கொம்பும் வாயும் எட்டாத உயரத்தில் கேசிங்குக்குள் கொண்டு செல்லுங்கள்.

*கேள்வி: மோட்டார் கொட்டகைக்கு ஓர் எர்த் போதுமா?*

போதாது. நிலையாகப் பொருத்திய மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது விதி. ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கும். கிணற்றடியில் ஈரம் இருப்பதால் எர்த் குழிக்கு நல்ல இடமும் அதுதான்.

*கேள்வி: ஷாக் அடித்து ஒருவர் கம்பியோடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?*

அவரைத் தொடாதீர்கள். வீட்டுக்குள் என்றால் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் நாற்காலியால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு அவரை விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். 108-ஐ அழையுங்கள். வெளியே அறுந்து விழுந்த மின்வாரியக் கம்பி என்றால் பக்கத்தில் போகாமல், மற்றவர்களையும் தடுத்து, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

அந்த விவசாயியின் வீட்டுக்கு இப்போதும் போகிறேன். வாசலில் நீல நிற நைலான் கயிறு கட்டியிருக்கிறார். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. சமையலறைக்கு மட்டும் தனி வயர் ஓட்டியிருக்கிறார். மற்ற அறைகளில் இன்னும் பழைய ரீப்பர்தான். "தையில நெல்லு போட்டதும் அடுத்த ரூமை மாத்திடணும் சார்" என்றார்.

இப்போது நான் எந்த வீட்டுக்குப் போனாலும், பயிரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கொடியை ஒரு தரம் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது எதையாவது தொடுவதற்குச் செருப்புத் தேடினால், அன்றைக்கே வயர்மேனை அழையுங்கள்.